மழை நாளில் ஐந்து ஓடு

கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இடது பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால், சந்துக்குள் லாரி திரும்புவது போல மொத்த உடம்பையும் சேர்த்துத்தான் திருப்ப வேண்டியிருந்தது. பிடரியில் ஒரு நரம்பு விடாமல் தெறித்துக்கொண்டிருந்தது. இருந்தாலும் கிரேன் அக்காவுக்கு அன்று காலையில் சிரிப்புதான் வந்தது. இத்தனை வருடம் ஊரான் வீட்டு ஓட்டுக்காக வலித்த கழுத்து, முதல் தடவையாகச் சொந்த வீட்டு ஓட்டுக்காக வலிக்கிறது.

கிரேன் என்பது ஓட்டுக் கிடங்கில் அவளுக்கு வைத்த பெயர். லாரியில் வருவதை இறக்கி அடுக்குவதும், அடுக்கியதை வண்டியில் ஏற்றுவதும் அவள் வேலை. தலையில் சும்மாடு, அதன் மேல் பலகை, பலகை மேல் ஆறு ஓடு. அதற்கு ஒரு நடை என்று பேர். கிடங்கில் வேறு அளவு கிடையாது. நேரத்தைக் கூட நடையில்தான் சொல்வார்கள். "இன்னும் பத்து நடையில சாப்பாடு" என்பார்கள்.

கிடங்கில் ஒரு மூலையில் பழைய அச்சு ஓடுகள் விற்காமல் கிடந்தன. புது அச்சு வந்த பிறகு அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வருட போனஸுக்குப் பதிலாக வேண்டுமானால் அதை எடுத்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொன்னபோது, மற்ற எல்லோரும் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். அவள் ஒருத்திதான் ஓட்டைக் கேட்டாள். அதைக் கேட்டு அவள் புருஷன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினான். பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்படி பேசினான்.

அவன் தள்ளுவண்டியில் வெங்காயம் விற்பவன். வீட்டுக் கூரை தகரம். துருப்பிடித்து, படுத்தபடியே வானத்தைப் பார்க்கலாம் என்கிற அளவுக்கு ஓட்டை. வெயில் காலத்தில் உள்ளே இருப்பது சட்டிக்குள் இருப்பது மாதிரி. மழைக் காலத்தில் வீட்டில் இருக்கிற பாத்திரம் எல்லாம் தரையில்தான் இருக்கும். மகள் நூல் மில்லில் இராத்திரி ஷிப்டு. பகலெல்லாம் அந்தச் சட்டிக்குள் படுத்து வெந்துகொண்டிருப்பாள். அவளுக்காகத்தான் ஓடு. இதை அக்கா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் புருஷன் சரி என்றுவிடுவான். அவனைச் சண்டையில் ஜெயித்துத்தான் அவளுக்குப் பழக்கம்.

கிடங்கின் கைவண்டியை இரவல் வாங்கி, வேலை முடிந்த சாயங்காலங்களில் அவளே தள்ளிக்கொண்டு வந்து ஓடு முழுவதையும் வாசலில் அடுக்கிவிட்டாள். எழுநூறு ஓடு. சுவர் மாதிரி நின்றது. ஞாயிற்றுக்கிழமை தச்சர் வந்தார்.

தச்சருக்குப் பென்சில் என்று பேர். காதில் எப்போதும் ஒரு துண்டுப் பென்சில் இருக்கும். ஆளும் அதே உயரம்தான் என்று வெங்காயக்காரன் சொல்வான். வந்தவர் ஓட்டு அடுக்கைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மறுபடி அடுக்கைப் பார்த்தார்.

"யாரு தங்கச்சி இதை மேல ஏத்தச் சொன்னது?"

"நான்தான். ஏன்?"

"தகரத்துக்குப் போட்ட கூரை இது. எலிக்குக் கட்டுன வீட்டுல எருமையக் கட்டப் பாக்குற."

"மேல சரிவாப் போற கைமரத்தை மாத்தித் தர்றேன்னு போன மாசம் நீதானே சொன்ன?"

"கைமரத்தை மாத்திடலாம். நடு உத்தரத்தை மாத்துறதுன்னா வீட்டையே பிரிக்கணும். அதுவும் இந்தச் சுவரு..." கட்டைவிரலால் சுவரைச் சுரண்டினார். செங்கல்லுக்கு நடுவில் இருந்தது சிமெண்டு இல்லை, மண். "சரி, ஒரு ஓடு எவ்வளவு கனம்?"

"என்னண்ணே கனம்? ஒண்ணும் கிடையாது. ஆறைத் தலையில வச்சுக்கிட்டுப் பல்லு வெளக்கிட்டே நடப்பேன்."

"நான் ஒங் கழுத்தைக் கேக்கல. ஓட்டைக் கேட்டேன்."

அக்கா அடுக்கிலிருந்து ஒரு ஓட்டை எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. லட்சக்கணக்கில் தூக்கியிருப்பாள். ஒரு ஓடு எவ்வளவு எடை என்று தெரியாது. கிடங்கில் ஓட்டை எண்ணி வாங்குவார்கள், எண்ணி விற்பார்கள், உடைந்ததை எண்ணித் திட்டுவார்கள். யாரும் நிறுத்தது இல்லை.

வெங்காயக்காரன் தராசை எடுத்து வந்தான். அவன் முகத்தில் ஒரு கொண்டாட்டம் இருந்தது. போனஸ் பணத்துக்குப் பழிவாங்க அவனுக்கு ஒரு தராசு கிடைத்துவிட்டது. ஒரு ஓட்டைத் தட்டில் வைத்தான். மூன்று கிலோ.

பென்சில் காதிலிருந்ததை எடுத்துச் சுவரிலேயே பெருக்கினார்.

"ரெண்டாயிரத்து நூறு கிலோ."

"நம்ம பாஷையில சொல்லுங்க" என்றான் வெங்காயக்காரன்.

"ஒன் மூட்டை அம்பது கிலோதானே? நாப்பத்திரண்டு மூட்டை. இப்ப மேல கெடக்குற தகரம் மொத்தமும் அஞ்சு மூட்டை தேறாது."

வெங்காயக்காரனின் கொண்டாட்டம் அப்படியே வற்றிவிட்டது. அவன் வண்டியில் ஒரு நாளைக்கு நாலு மூட்டை ஏற்றுவான். அதற்கே மேட்டில் நாக்கு வெளியே வரும். கூரையை நிமிர்ந்து பார்த்தான். அந்த உயரத்தில் பத்து நாள் வெங்காயம் தொங்குவதை அவன் கண்ணால் கண்டது போல இருந்தது அவன் நின்ற நிலை.

"குருவி தலையில பனங்காய் கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் பென்சில். "இங்க பனைமரத்தையே வைக்கணுங்குற."

"சும்மா பயங்காட்டாதண்ணே" என்றாள் அக்கா. "அவ்வளவையும் நான் ஒருத்தி தூக்கிட்டு வந்தேன். எனக்குத் தெரியாதா அதோட கனம்?"

"தூக்கின. இறக்கி வச்ச. தண்ணி குடிச்ச. மறுபடி தூக்கின. கூரை எப்ப இறக்கி வைக்கும்?"

 அவள் ஏதோ வேலை இருப்பது போல வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தாள்.

தெருவில் முக்கால்வாசி ஓட்டு வீடு. பாதி வீட்டுக்கு ஓடு போன வண்டியில் அவள்தான் ஏற்றியிருப்பாள். தினமும் பார்க்கிற கூரைகள்தான். அன்றைக்கு அவை வேறு மாதிரி இருந்தன. ஒவ்வொரு வீடும் தலையில் ஒரு லாரி லோடை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. அதற்குக் கீழே ஒருத்தி துணி துவைத்தாள். ஒருத்தர் பேப்பர் படித்தார். ஒரு குழந்தை பிஸ்கட் தின்றது. மேலே இருப்பதைப் பற்றி ஒருவருக்கும் நினைப்பில்லை. சுவர்கள் ஒரு முனகல் இல்லாமல், கால் மாற்றி நிற்காமல், இத்தனை வருடமாகத் தூக்கிக்கொண்டே நின்றிருக்கின்றன. தூக்குவது என்றால் என்ன என்று தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் லாரிக்கும் அடுக்குக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான்.

திரும்பி வந்து கேட்டாள். "அப்ப முடியாதுங்கிறியா?"

"முடியாதுன்னு சொல்லல. கேட்டுப் பாக்கணும்."

"யாரை?"

"உத்தரத்தைத்தான். வேற யாரை, ஒம் புருஷனையா?"

பென்சிலின் யோசனை இதுதான். கூரையின் பாரத்தில் பாதி இரண்டு பக்கச் சுவரிலும் இறங்கிவிடும். மீதிப் பாதி நடு உத்தரத்தில் விழும். அதனால் பாதி ஓட்டை, கூரையில் ஏற்றாமல், உத்தரத்திலிருந்து கயிறு கட்டித் தொட்டில் மாதிரி தொங்கவிட்ட பலகைகளில் தரைக்கு ஒரு சாண் மேலே அடுக்க வேண்டும். உத்தரத்துக்குக் கீழே சுவருக்குச் சுவர் ஒரு நூல். உத்தரம் எவ்வளவு வளைகிறது என்பதை நூல் சொல்லிவிடும். உடைந்தாலும் ஓடு ஒரு சாண்தான் விழும். பலகையில் ஓடு வைக்கிறவர் உத்தரத்துக்கு நேர்கீழே போகக் கூடாது, பக்கவாட்டில் நின்று வைக்க வேண்டும்.

மகள் சரியாக உத்தரத்தின் கீழேதான் தூங்கிக்கொண்டிருந்தாள். பாயோடு இழுத்துப் பக்கத்து வீட்டில் போட்டார்கள். கண்ணைத் திறக்கவில்லை. "கூரை விழுந்தாலும் இவ எந்திரிக்க மாட்டா" என்றான் வெங்காயக்காரன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது.

கிடங்கில் கூட வேலை பார்க்கிற ஒல்லியை அக்கா கூப்பிட்டு அனுப்பினாள். ஒல்லி வந்ததும் தொட்டிலைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, யாருக்குப் பிள்ளை?" என்றாள்.

"உத்தரத்துக்கு. தூக்கு."

இரண்டு பேரும் நடை போட்டார்கள். ஆறு ஆறாக ஓடு உள்ளே போனது. முதலில் உத்தரம் கண்டுகொள்ளவே இல்லை. கால்வாசி ஏறியபோது கயிறுகள் இறுகி ஒரு சத்தம் போட்டன. பாதிக்கு மேல் போனபோது உத்தரத்துக்கும் நூலுக்கும் இருந்த இடைவெளி குறையத் தொடங்கியது. அவ்வளவு பருமனான மரம், அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிற மரம், கண்ணுக்கு முன்னால் மெல்ல மெல்லக் குனிந்தது. பாரத்தை வாங்கிக்கொள்ளும்போது முழங்காலை ஒரு துளி மடக்கிக்கொடுக்க வேண்டும், விறைத்து நின்றால் இடுப்பு போய்விடும் என்று கிடங்கில் சொல்வார்கள். அதையேதான் மரம் செய்தது. அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. அக்கா தலையில் ஓட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"வழி விடுக்கா, பின்னால நானும் தூக்கிட்டுத்தான் நிக்கிறேன்" என்றாள் ஒல்லி.

கடைசி ஓட்டையும் வைத்தாயிற்று. பென்சில் நூலருகே விரலை வைத்துப் பார்த்தார். இரண்டு விரல் வளைந்திருந்தது. டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தார். அதே இரண்டு விரல். சுவரில் உத்தரம் உட்கார்ந்திருக்கிற இடத்தைத் தட்டிப் பார்த்தார்.

"தாங்குது. விளிம்புலதான் நிக்குது, ஆனா தாங்குது. நாளைக்கே தகரத்தைப் பிரிக்கலாம்."

வெங்காயக்காரன் பெருமூச்சு விட்டான். "நான் அப்பவே சொன்னேன் தாங்கும்னு" என்றான். அவன் அப்படிச் சொன்னதாக யாருக்கும் ஞாபகமில்லை.

அக்கா வாசற்படியில் உட்கார, ஒல்லி அவள் பிடரியை அமுக்கிவிட்டாள்.

"நல்லவேளைக்கா, மழை வரல. வந்திருந்தா அஞ்சஞ்சாத்தான் தூக்கியிருப்போம். இருட்டியிருக்கும்."

"ம்."

ஒல்லியின் கட்டைவிரல் நரம்பைத் தொட்டது. அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏன்டி அஞ்சு?"

"மழை நாள்ல அஞ்சுதானேக்கா. எப்பவும்."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

"வழுக்கும்ல."

எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். மழை நாளில் நடைக்கு ஒரு ஓடு குறைப்பது கிடங்கில் என்றைக்கோ வந்த பழக்கம். யார் தொடங்கியது என்று தெரியாது. மழையைச் சாக்கு வைத்து ஏமாற்றுகிறீர்கள் என்று மேனேஜர் கத்துவார். தரை வழுக்குது சார் என்று இவர்கள் சொல்வார்கள். ஆனால் மேற்கூரைக்குள்ளேயே, காய்ந்த சிமெண்டுத் தரையில், நனைந்து வந்த ஓட்டை இறக்குகிற நாளிலும் ஐந்துதான் தூக்கியிருக்கிறார்கள். அங்கே என்ன வழுக்கல்?

அக்கா எழுந்து போய் ஒரு ஓட்டை எடுத்து வாளித் தண்ணீருக்குள் போட்டாள்.

"என்ன பண்ற?" என்றார் பென்சில், வீட்டுக்குக் கிளம்பியவர்.

"கொஞ்சம் இருண்ணே."

ஓட்டிலிருந்து சரம் சரமாகக் குமிழி வந்தது. நாலு பேரும் வாளியைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். செத்த மண் என்று நினைத்த ஒன்று மூச்சுவிட்டுக்கொண்டே தண்ணீர் குடித்தது. குடித்து முடிவதாகவும் தெரியவில்லை. தொட்டிலை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு வந்து பார்த்தபோது குமிழி நின்றிருந்தது. ஓட்டைத் துடைத்துத் தராசில் வைத்தார்கள்.

மூன்றரை.

பென்சில் சுவர்ப் பக்கம் போனார். அவர் பெருக்குவதற்குள் வெங்காயக்காரனே சொல்லிவிட்டான். "ஏழு மூட்டை. கூட ஏழு மூட்டை." அவன் குரல் இறங்கியிருந்தது. "யாரும் தூக்காம, யாரும் ஏத்தாம, ஒரே ராத்திரியில வானம் ஏத்திட்டுப் போயிரும்."

ஒல்லி தன் கழுத்தைத் தானே தடவிக்கொண்டாள். "அட, இது தெரிஞ்சு வச்சிருக்கு பாரேன்" என்றாள், கழுத்து வேறு யாரோ ஒருத்தி என்பது போல.

ஏழில் பாதி உத்தரத்துக்கு. மூன்றரை மூட்டைக்கு எங்கே போவது? வெங்காயக்காரன் போய், மறுநாள் விற்க வைத்திருந்த வெங்காயத்தை இழுத்து வந்தான். முதல் மூட்டையைத் தொட்டிலின் ஓரத்தில் வைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது. நூல் பக்கம் உத்தரம் அரை விரல் இறங்கியது. மூன்றாவதை வைத்துக் கையை எடுத்தபோது ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. யாரோ அரிசி புடைப்பது மாதிரி. உத்தரம் உட்கார்ந்திருந்த இடத்தில், செங்கல்லுக்கு நடுவிலிருந்து மண் பொடிந்து கோடு போல வழிந்துகொண்டிருந்தது. மரம் தாங்கியது. சுவர் தாங்கவில்லை.

"இறக்கு" என்றாள் அக்கா. கிடங்கில் சொல்கிற அதே குரல். அந்தக் குரலுக்கு யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மூட்டைகள் வெளியே போயின, ஓடும் வெளியே போயிற்று. கடைசி வரிசை இறங்கியதும் உத்தரம் நூலை விட்டு மேலே எழும்பியது. முதுகை நிமிர்த்துகிற ஆள் மாதிரி. மண் வழிவது நின்றது.

இதைச் செய்யாமல் விட்டிருந்தால் மூட்டை மூட்டையாகத் தண்ணீர் ஏறுகிற ஒரு மழை நாளில், நூல் மில்லிலிருந்து வந்தவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்திருப்பாள். எல்லோர் மனதிலும் அதுதான் இருந்தது. புருஷன் இப்போது போனஸைப் பற்றிப் பேசுவான் என்று அக்கா எதிர்பார்த்தாள். அவன் பேசவில்லை. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

"ஓட்டை வித்துரலாம்" என்றாள். "தகரமே போட்டுக்கலாம்."

"யாரு வாங்குவா? கிடங்குலயே விக்காத ஓடு" என்றான் அவன். பிறகு, "ஆமா, ஒன்னால தூக்க முடியாத லோடு வந்தா கிடங்குல என்ன பண்ணுவீங்க? லாரியத் திருப்பி அனுப்பிருவீங்களா?"

"ஏன் அனுப்பணும்? நடுவுல இன்னொருத்தி தோள் குடுப்பா."

சொல்லிவிட்டு அவள் உத்தரத்தைப் பார்த்தாள். பிறகு உத்தரத்தின் நடுவிலிருந்து நேர்கீழே தரையைப் பார்த்தாள். அந்த இடத்தில் போய் நின்று கையை மேலே தூக்கினாள். எட்டவில்லை.

"இங்க ஒரு ஆளு நின்னா?"

"ஒரு ஆளு பத்தாது, ரெண்டு" என்றார் பென்சில். "ரெண்டு தூண் குடுத்தா பாரம் நேராத் தரைக்கு இறங்கிரும். சுவருக்குப் பாதிகூடப் போகாது."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

பென்சில் காதிலிருந்த துண்டை எடுத்து, பார்த்து, மறுபடி காதிலேயே வைத்தார்.

"இவ்வளவு பாரத்துக்கு வைரம் பாஞ்ச மரம் வேணும். கடையில இப்ப வர்றதெல்லாம் பால் மரம். நல்ல தூண் ரெண்டு இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு எடத்துலதான் இருக்கு."

"எங்க?"

"என் வீட்டுல. எம் பொண்டாட்டி முன்கூடம் கட்டணும்னு எட்டு வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்கா. அதுக்கு எடுத்து வச்சது."

வெங்காயத் தள்ளுவண்டியிலேயே தூண்கள் வந்தன. பின்னாலேயே பென்சிலின் மனைவியும் வந்தாள், தெரு முழுக்கக் கேட்கும்படி. "ஊருக்கெல்லாம் கூரை போடுவாரு, கட்டினவளுக்கு ஒரு கம்பு நட மாட்டாரு" என்றாள். உள்ளே வந்தவள் சுவரோரம் தரையில் குவிந்து கிடந்த மண்ணைப் பார்த்தாள். யாரும் எதுவும் சொல்லாமலே புரிந்துகொண்டாள். பாயைத் திரும்பக் கொண்டுவந்து மூலையில் போட்டிருந்தார்கள். அதில் மகள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"காசு குடுக்காதீங்க. காசை இந்தாளு செலவழிச்சுருவாரு. மரமாத்தான் வேணும். இதே மாதிரி ரெண்டு."

"தர்றேன்க்கா" என்றாள் கிரேன் அக்கா. அவளுக்குத் தலையாட்ட முடியவில்லை, கழுத்து அப்படி. அதனால் உடம்பை முழுக்க ஆட்டினாள்.

தரையைத் தோண்டிக் கல் போட்டு, கல் மேல் தூண்களை நிறுத்தினார்கள். கைமரங்கள் மாறின. மறுபடி தொட்டில் கட்டி, ஓடும் வெங்காயமும் ஏற்றிப் பார்த்தார்கள். உத்தரம் நூலை நெருங்கவில்லை. அதன் பிறகுதான் தகரம் இறங்கியது, ஓடு ஏறியது.

மழை ஒரு சாயங்காலம் வந்தது. மகள் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தகரமாக இருந்திருந்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்டிருக்காது. இப்போது மேலே ஒரு அடங்கின சத்தம்தான். அக்கா கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தாள். வெளிர் சிவப்பாக இருந்த கூரை விளிம்பிலிருந்து உச்சி வரைக்கும் கருத்துக்கொண்டே போனது. குடிக்கிறது. அவள் தூக்கிய எழுநூறும் சேர்ந்து குடிக்கிறது. வானம் ஏற்றிக்கொண்டே இருக்கிறது.

உள்ளே ஓடிவந்து நூலைப் பார்த்தாள். உத்தரம் இருந்த இடத்தில் இருந்தது. தூணில் உள்ளங்கையை வைத்தாள். மரம் மெல்ல இறுகுவது கையில் தெரிந்தது; ஓடும் மழையும் அவள் கை வழியாகவே கீழே இறங்கிக் கல்லுக்குப் போய், கல்லுக்குக் கீழே இருக்கிற மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது போல இருந்தது. அதற்கும் கீழே என்ன இருக்கிறது, அது எதன் மேல் நிற்கிறது என்று நினைத்தாள். நினைக்கத் தலை சுற்றியது. கையை எடுக்க மனம் வரவில்லை.

"என்னம்மா, தூணுக்குக் காய்ச்சலா?" என்றாள் மகள்.

"இந்தா, நீயும் வச்சுப் பாரு."

மகள் கையை வைத்தாள். சிரிப்பதற்காகத் தொடங்கின முகம் சிரிக்காமல் நின்றது. வெங்காயக்காரனும் வந்து அடுத்த தூணில் கை வைத்தான். மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். மகளுக்கு ஷிப்டுக்கு நேரமானது.

"அந்தம்மா நாளைக்கே வந்து தூணக் கேட்டா என்ன பண்ணுவ?" என்று அவன் கேட்டான். "உருவியா குடுக்க முடியும்?"

"கேக்கட்டும். கேக்குறது அவங்க நியாயம்."

பென்சில் வீட்டில் முன்கூடம் இன்னும் எழும்பவில்லை. கூரை வேலைக்கான கூலியை வாரா வாரம் கொடுத்து முடித்தாயிற்று. தூண் மட்டும் நிற்கிறது. எட்டடி உயரம், வைரம் பாய்ந்தது, இரண்டு. கிரேன் அக்கா அந்த அம்மாவுக்கு அதைத் தர வேண்டும்.